நெட்டுக்குள் வெடித்த காய்

போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். என் மகள் அனிட்டாவுக்குப் புதுநன்மை வருகிறது, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் அம்மா ஸ்டெல்லா கல்யாணத்தன்று தலையில் போட்டிருந்த வெள்ளை நெட்டையே எடுத்துச் சின்னதாக்கிப் போடலாம் என்று யோசனை. மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அனிட்டா நெட்டை விரித்துப் பிடித்தாள்.

"அப்பா, ஒரு மூலையக் காணோம். எலி கடிச்சிருச்சா?"

"எலி இல்லட்டி. ஒங்கப்பா கூட்டிட்டு வந்த டீச்சருக்கு நாந்தான் வெட்டிக் குடுத்தேன்" என்று அடுப்படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

அனிட்டாவுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் மூணாற்றில் ஜீப் ஓட்டுகிறவன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. எழுத உட்கார்ந்தால் பேனாவைவிட ஸ்டியரிங்கே சுலபம் என்று தோன்றுகிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்துருண்டை வாசனை வந்தால் எனக்குக் கலாமணி டீச்சரின் பைதான் ஞாபகம் வரும். செடிகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பார், பூச்சி அரிக்காமலிருக்க உருண்டை போடுவார். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடம் எடுத்தவர், சொந்த ஊர் எலப்புள்ளி. அனிட்டா பிறப்பதற்கு முந்தின மழைக்காலத்தில், காட்டுக்குள் போக அனுமதிக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, இந்த வண்டி மேல வரைக்கும் போகுமுங்களா?"

அந்த ஊர்த் தமிழில் என் ஜீப்புக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்தது.

சோலைக்காட்டு ஓரத்தில், பாதை வளைகிற இடத்தில் ஒரு கரும்பாறை உண்டு. எப்போதும் நீர் கசியும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க நான் நிறுத்துகிற இடம். அன்றும் கேனோடு இறங்கினேன். பின்னாலிருந்து ஓர் அலறல். கேனைப் போட்டுவிட்டு ஜீப்புக்குள் பாய்ந்தேன்.

"எங்க டீச்சர், ஒத்தையா கூட்டமா?"

"யானை இல்லீங்கண்ணா. பூவு!"

பாறை இடுக்கில், என் கட்டைவிரல் நகத்தளவு பூ. இரண்டு சிறகு, தொண்டையில் மஞ்சள் பொட்டு, பின்னால் சுருண்ட வால். வீட்டு முற்றத்தில் காசித்தும்பை பார்த்திருப்பீர்களே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. எத்தனை வருஷமாக அதன் காலடியில் தண்ணீர் பிடித்திருக்கிறேன்! ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

பறித்த நிமிஷமே வாட ஆரம்பித்தது. டீச்சர் என் டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் விட்டு அதை மிதக்க வைத்தார். ஊசி நுனியால் ஒவ்வொரு இதழாகப் பிரித்து அளந்தார். நிறத்தை அப்போதே எழுதிவிட வேண்டுமாம், காய்ந்தால் எல்லாப் பூவும் பழுப்புதான்.

"கலர் என்னன்னு சொல்லுவீங்கண்ணா?"

"ரோஸு."

"எந்த ரோஸுங்க? பஞ்சுமிட்டாயா, வெங்காயமா?"

சேலைக்கடையில் மாட்டிக்கொண்ட மாதிரி முழித்தேன். கடைசியில் வெங்காயம் என்று முடிவானது.

புதுச் செடி என்றால் "கண்டேன்" என்று கத்தினால் போதாதாம். ஒவ்வொரு உறுப்பையும் எழுதி, படம் வரைந்து, ஏற்கெனவே பெயர் உள்ள செடிகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். இதே ஜாடையில் இன்னொரு செடிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அதன் விதை வழவழப்பு. "விதையக் காட்டலீன்னா இதும் அதேதான்னு தள்ளீருவாங்க" என்றார் டீச்சர். ஆனால் காய் இன்னும் முற்றவில்லை. கீழே இரண்டு வளைவு தள்ளி, சாலையை அகலமாக்க ஜேசிபி பாறைகளை இடித்துக்கொண்டே மேலே வந்துகொண்டிருந்தது.

பாறையை விட்டுவைக்கச் சொல்லி டீச்சர் ரோடு ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். என்ன செடி, பெயர் என்ன என்று கேட்டார்களாம். பெயர்தான் இன்னும் இல்லையே!

முதலில் முற்றிய காயை டீச்சர் விரலால் தொட்டதுதான் தாமதம், வெடித்தது. ஒரு விதை என் கன்னத்தில் பட்டுத் தெறித்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். முட்டி போட்டுத் தேடினோம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மீதிக் காய்களுக்குத் துணிப்பை கட்டினார். கசிகிற நீரில் துணி ஊறி, பாரம் தாங்காமல் காம்பு ஒடிந்தது. மூன்று காம்புதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தபடி, "லேசான வலையாட்டம் ஏதாச்சும் கெடைக்குமுங்களாக்கா?" என்று கேட்டார். ஸ்டெல்லா எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

"ஏ புள்ள, அது ஒன் கல்யாண நெட்டுல்லா!" என்றேன்.

"இன்னொரு கல்யாணம் கட்டவா போறேன்? சும்மா இருங்க."

கத்தரி ஓடியது. விரலுறை அளவில் மூன்று பைகள் தைத்துக் கொடுத்தாள்.

அடுத்து ஜேசிபி ஓட்டுகிற சரவணனிடம் போய் நின்றேன். கம்பம் ஊர்ப் பையன்.

"அண்ணே, பூவுக்காக மிஷின நிறுத்துனேன்னா மொதலாளி என்னையப் பூக்கட்ட அனுப்பிருவாரு" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "சரி, எதுத்த பக்கத்து மண்ண மொதல்ல அள்ளுறேன். அதுக்குள்ள ஒங்க காயப் பழுக்கச் சொல்லுங்க."

எதிர்ப்பக்க மண் தீர்ந்த காலையில் மூன்று பைகளும் அப்படியே தொங்கின. சரவணன் வண்டியை முடுக்கிவிட்டுக் காத்திருந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டே நிற்கும்போது நடுப்பை ஒரு துள்ளு துள்ளியது! வலையில் மீன் விழுந்த மாதிரி! டீச்சர் அதை அவிழ்த்து, கேழ்வரகு போன்ற விதைகளை லென்ஸில் பார்த்தார்.

"முடி இருக்குதுங்கண்ணா! வெதையில முடி இருக்குது!"

காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு நடுரோட்டில் குதித்தார். நானும் குதித்தேன். சரவணன் இறங்கி வந்து லென்ஸை வாங்கிப் பார்த்து, "இதுக்கா இம்புட்டும்?" என்றான். ஆனால் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இன்னொரு முறை பார்த்தான்.

மத்தியானத்துக்குள் பாறை போய்விட்டது. டீச்சர் வளர்க்கலாமென்று பாலக்காட்டுக்கு வேரோடு கொண்டுபோன செடிகள் அந்த வெக்கையில் அழுகிப்போயின, விதையும் முளைக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது அச்சாகி வந்தது. அந்த மலையின் பெயரையே செடிக்கு வைத்திருந்தார். "நெட்ட வெட்டிக் குடுத்தது நானு, பேரு மலைக்கா?" என்று ஸ்டெல்லா போனில் சண்டை பிடித்தாள். காய்ந்த செடியோடு அந்த நெட்டுப் பையும் கல்லூரி அலமாரியில் இருக்கிறதாம். வேறெங்கும் அந்தச் செடியை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்கிறார் டீச்சர்.

மூலையை ஒட்டுப்போட வேண்டாம், அப்படியே போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள் அனிட்டா. நேற்று அவளை அந்த வளைவுக்குக் கூட்டிப்போனேன். இப்போது பஸ்கள் பின்னால் எடுக்காமலே திரும்புகின்றன. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன். பாறை இருந்த இடத்தில் உயரமான கான்கிரீட் சுவர். உள்ளே ஊறுகிற நீர் வெளியேற, வரிசையாகக் குழாய் பதித்திருக்கிறார்கள்.

டீச்சரின் விரல் பட்டு வெடித்த முதல் காயின் விதைகள் எங்கே விழுந்தன என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு மழைக்கும் வண்டியை நிறுத்தி அந்தக் குழாய் வாய்களில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன். இந்த மழைக்குப் பாசி வந்திருக்கிறது.