கரும்பலகையில் நான் எழுதிய கடிதம்

கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் கொண்டுவந்த அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகளில், மலாக்கா நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய மாலைக் கல்லூரியில் நான் ஊதியம் பெறாத ஆசிரியனாக இருந்தேன். கல்லூரி என்ற பெயர் அதற்குச் சற்றுப் பெரியதுதான். இரண்டு அறைகள், ஒரு கரும்பலகை, உயரம் ஒத்துவராத பெஞ்சுகள். பள்ளிக்கூடம் போக வாய்க்காத பெரியவர்களுக்காக, போர் முடிந்ததும் நகரத்துத் தமிழர் சிலர் கூடித் தொடங்கியது. வார நாட்களில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பகலிலும் வகுப்பு நடக்கும். பஸ் கண்டக்டர்கள், கடைச் சிப்பந்திகள், தோட்டத்து மக்கள் என்று பலரும் வருவார்கள். அடையாளக் கார்டுக்கு மனு எழுதவும், வந்த கடிதத்தைப் படித்துக் கேட்கவும் படியேறி வருவோரும் உண்டு. பகலில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த நான், சென்னையில் பட்டம் பெற்றவன் என்பதை அங்கே எவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்.

என் ஞாயிறு வகுப்பில், பெம்பான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மையார் வந்துகொண்டிருந்தார். ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போகும் தாய்மாரின் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் கவனித்துக்கொள்பவர். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். கணவர் இல்லை, ஒரே மகள். எங்கள் கல்லூரிச் சான்றிதழ் கிடைத்தால் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்கு மனுப் போடலாம், மகளை நகரத்துப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதே அவருடைய எண்ணம். வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா.

கடிதம் எழுதும் பாடம் வந்தது. புத்தகத்து மாதிரிகளை நான் மதிப்பதில்லை. கரும்பலகையில் சொந்தமாகவே ஒன்றை எழுதிப்போட்டேன். பஞ்சத்தில் வாடும் தம்பிக்கு அக்காள் எழுதுவதாகக் கற்பனை. 'அரிசிக்கும் மருந்துக்கும் நீ அங்கே சிரமப்படுவதை அறிந்து வருந்தினேன். நம்பிக்கையான ஆள் மூலம் விரைவில் அனுப்பிவைக்கிறேன்.' தமிழ்நாட்டில் இருக்கும் தம்பியைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் ஊர்ப்பெயர் எழுதவில்லை.

ஜாசின் பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் பின்பெஞ்சிலிருந்து, "சார், இந்தத் தம்பி ஊர்ல இருக்கானா, காட்டுல இருக்கானா?" என்றார். வகுப்பு சிரித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தாலும் சிறை என்பது அப்போதைய நிலை. சிரிப்பில் இருந்த எச்சரிக்கை என் காதில் விழவில்லை. ஒழுங்கீனம் என்று கடிந்துகொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மையார் தயங்கி நின்றார்.

"வாத்தியாரையா, நோட்ட இங்கயே வச்சிட்டுப் போறேனே. கேட்டுல மாத்தாக்காரன் எல்லாத்தையும் கொட்டிப் பாக்கறான். தமிழ் எழுத்தப் பாத்தா ஆயிரம் கேள்வி கேக்கறான்."

வீட்டுப் பாடத்தை வீட்டில்தான் எழுத வேண்டும், மூன்று பிரதி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்து முள்வேலியையும், அதன் வாசலில் சோதனை போடும் மாத்தா என்ற போலீஸ்காரரையும் நான் செய்தித்தாளில்தான் பார்த்திருந்தேன்.

புதன்கிழமை அந்தக் கண்டக்டர் காக்கிச் சட்டையோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், வீட்டச் சோதன போட்டு அக்காவப் பிடிச்சிட்டாங்க. உங்க கடிதந்தான் சார். மூணு தடவ வேற எழுதியிருக்கா. காட்டுக்கு அனுப்ப வச்சிருந்தான்னு சொல்றாங்க. யாரு எழுதிக் குடுத்தான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கே அனுப்பிடுவாங்களாம். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். கல்லூரிக் குழுவைக் கலந்து பேசிவிட்டு வருவதாகத் தாழ்ந்த குரலில் சொல்லி அவரை அனுப்பினேன். உண்மையில் நான் எவரையும் கலந்து பேசவில்லை. அரசாங்க ஊழியன் பெயர் போலீஸ் பதிவேட்டில் ஏறலாமா, கல்லூரியை மூடிவிட்டால் இத்தனை பேர் கதி என்ன என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று.

சனிக்கிழமை கண்டக்டர் மறுபடியும் வந்தார். இம்முறை கெஞ்சவில்லை.

"நீங்க நிதானமா கலந்து பேசுங்க சார். நான் போய்ச் சாட்சி சொல்றேன். கெட்டுப்போறதுக்கு எனக்கு நல்ல பேரு கெடையாது."

அவர் படியிறங்கிப் போனார். நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். மற்றவர்களைப் போலவே எனக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் நகர்ந்துவிட்டார்.

போலீஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதே கடிதத்தை நினைவிலிருந்து எழுதிக் காட்டினேன், எதற்காக எழுதினேன் என்றும் சொன்னேன். கண்டக்டர் தம்முடைய நோட்டைப் பிரித்து, தாமும் அதையே எழுதியிருப்பதைக் காட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த அம்மையார் மிகவும் சோர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய்ச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க ஏன் வாத்தியாரையா இங்கெல்லாம் வந்தீங்க? நான் எடத்தச் சொல்லவே இல்லியே. கல்லூரிக்கு ஒண்ணும் ஆயிடலியே?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "ஒன்றும் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள்" என்றேன்.

அவர் வரவில்லை. தோட்ட நிர்வாகம் அவருக்கு வெளியே போக அனுமதிச்சீட்டு தர மறுத்துவிட்டது. தேர்வுக்கு ஐந்து வாரங்களே இருந்தன. பிறகு மகளோடு லூபோக் சீனா பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் கடிதம் எழுதினால் அதுவே மீண்டும் வினையாகிவிடுமோ என்று எழுதவில்லை. சட்டம் நீங்கிய பிறகு ஒருமுறை அங்கே போய், தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக விசாரித்தேன். அப்படி ஓர் ஆயா இருந்தார், போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

கல்லூரியும் இன்று இல்லை. என் மாணவர்கள் பலர் நல்ல நிலைக்கு வந்து, மேடைகளில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் வயதான பெண்களின் முகங்களையே தேடியிருக்கிறேன். மூன்று நாள் தாமதித்தேன் என்ற உண்மையை அவரிடம் என் வாயாலேயே சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இந்த வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.