அப்பாவுக்கு ஆறடி பிளாஸ்டிக் புல்

கடைக்காரர் முதலில் கேட்டது, "பால்கனிக்காம்மா, மொட்டை மாடிக்கா?" என்றுதான்.

அம்மா, "எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் வியாபாரத்தை விட்டுவிடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் டேப்பை இழுத்துக்கொண்டு, "நீளம் இன்னா வரும்?" என்றார்.

"ஆறடி. அவரு அஞ்சே முக்கால்தான். சுத்தி கொஞ்சம் வுட்டாத்தான் நல்லாருக்கும்."

"கீழ தண்ணி போறதுக்கு வழி கீதாம்மா? தண்ணி நின்னா நாறிடும்."

"கீழ அவருதான் கீறாரு" என்றாள் அம்மா.

நான் நடுவில் புகுந்து, கல்லறைக்கு என்று சொன்னேன். கடைக்காரர் டேப்பைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு இருப்பதிலேயே உயரமான புல் சுருளை உருட்டிக்கொண்டு வந்து, இதுதான் மெத்தென்று இருக்கும் என்றார். யாருக்கு மெத்தென்று இருக்கும் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு அம்மாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

அம்மா எடுத்த எடுப்பில் பிளாஸ்டிக்குக்குப் போய்விடவில்லை. அப்பாவை அடக்கம் செய்த கையோடு நிஜப் புல்தான் நட்டுப் பார்த்தாள். ராயபுரத்தில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி போகிற ரோடு. அந்த உப்பு மண்ணில் பாதிப் புல் வேர் பிடிக்கவில்லை. பிடித்த பாதியை அங்கே இருந்த காவல்காரரின் ஆடு தின்றது. இரண்டாவது தடவை நட்டபோது ஆடு காத்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற இடத்தில் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல் போட்டிருந்ததை அம்மா பார்த்தாள். குனிந்து தடவினாள். சாப்பிடக்கூட இல்லாமல் வெளியே வந்து, இது எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாள்.

"மெயின்டனன்ஸே கிடையாதும்மா. போட்டுட்டு மறந்துடலாம்" என்றுதான் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அவர் ராயபுரத்தில் ஒரு நாளாவது துணி காயப்போட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் வடக்கே இருந்து காற்றடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும். மேற்கே இருந்து அடித்தால் லாரிப் புழுதி. கிழக்கே இருந்து அடித்தால் உப்பு. காற்றே அடிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது காக்கா. வெள்ளைச் சட்டையை மாடியில் காயப்போட்டு எடுத்தால் அதை வெள்ளை என்று சொல்ல நல்ல மனசு வேண்டும்.

ஆக, மறந்துவிடலாம் என்று வாங்கிய புல், அம்மாவுக்கு முழுநேர வேலை ஆனது. காலையில் ஜெபம் முடித்துக் கிளம்புவாள். முதலில் சருகு பொறுக்குவாள். பிறகு நைலான் பிரஷ்ஷால் புல் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகத் தள்ளித் தள்ளித் தேய்ப்பாள். அப்படித் தேய்த்தால்தான் படுத்த புல் எழுந்து நிற்கும். காக்கா எச்சத்துக்கு வினிகர். வாரம் ஒரு தடவை பாக்கெட் ஷாம்பு. கல்லறைத் தோட்டத்துக் குழாயில் உப்புத் தண்ணீர் வரும், அது காய்ந்தால் புல்லில் வெள்ளை பூக்கும் என்பதால், வீட்டில் மெட்ரோ தண்ணீர் பிடித்துக் கேனில் ஷேர் ஆட்டோவில் கொண்டுபோவாள். குடிக்கிற தண்ணீர் அது. ஆட்டோக்காரர் கேனுக்கும் ஒரு ஆள் கணக்கு என்றபோது, "அது எங்க வூட்டுக்காரர் குளிக்கிறதுக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதற்கப்புறம் கேனைப் பற்றிப் பேசவில்லை.

என் கணவர் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் வேலை செய்கிறார். லாரியில் இருந்து பறக்கிற இரும்புத் தூள் புல்லில் விழுந்து துரு பிடிக்கிறது என்று அம்மா புலம்பியதைக் கேட்டு, பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக்கொடுத்தார். அம்மா அதைத் துணியில் சுற்றி, கல்லறைமேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவாள், நாயை நடக்கவைப்பதுபோல. கடைசியில் துணியைப் பிரித்தால் உள்ளங்கை நிறையக் கறுப்புத் தூள் இருக்கும். அதை எனக்குக் காட்டி, "பாத்தியா, எத்தினி கலீஜு உங்க அப்பா மேல" என்பாள். காந்தத்தைக் கொடுத்ததற்காக என் கணவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு சீப்பு. பெரிய பல் வைத்த சீப்பால் தலைமாட்டில் இருந்து கால்மாடுவரை புல்லை வாரிவிடுவாள். அந்தச் சீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். யாருக்கும் பயப்படாதவர், காற்றைத் தவிர. அவருடைய உச்சந்தலையில் கொஞ்ச இடத்தில் முடி கிடையாது. இடது காதுக்குமேல் வளர்த்த முடியை எண்ணெய் வைத்து வலது பக்கம்வரை இழுத்துப் படியவைத்து அதை மறைத்திருப்பார். எங்கள் வீட்டில் சொட்டை என்ற சொல்லே கிடையாது. பக்கத்து வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், அம்மா குக்கர் விசிலைச் சாக்காக வைத்து எழுந்துவிடுவாள், குக்கர் வைத்திருக்காவிட்டாலும். கடற்கரை ரோட்டில் அப்பா தெற்கே பார்த்துத்தான் நடப்பார். அப்போது கடல் இடது கைப்பக்கம் இருக்கும், காற்று முடியை அழுத்திக்கொடுக்கும். வடக்கே பார்த்து நடந்தால் தூக்கிவிடும். அதனால் காசிமேட்டில் இருந்து நடந்து போவோம், திரும்பும்போது பஸ். ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அடக்கத்தன்று திறந்த வண்டியில் மூடாத பெட்டி போனபோது அம்மா அவர் தலையில் வைத்த கையைக் கடைசிவரை எடுக்கவில்லை. என்ன பாசம் என்று சொந்தக்காரர்கள் அழுதார்கள். காற்றில் பறக்காமல் அவர் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். அன்றைக்கும் அம்மா அழவில்லை. அதற்கப்புறமும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. மதியம் சாப்பிடுவதை அநேகமாக விட்டுவிட்டாள். சர்க்கரை உள்ளவள். காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து இரு என்று கெஞ்சினால், "புல்லை யாரு பாக்கறது?" என்பாள். என் மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பிரியாணித் தட்டு கைக்கு வந்த நேரத்தில் காற்று மேற்கில் இருந்து அடிக்க ஆரம்பித்தது. தட்டை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போய்விட்டாள். அப்பா போனதில் எனக்குத் துக்கம். ஆனால் அம்மாவும் அவர் கூடவே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள் என்பதுதான் பயம். ஒரு வாய் சோற்றை அவள் பசியோடு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அலைந்தேன்.

மே மாதத்தில் வேறு ஒரு கூத்து. தோட்டமே காய்ந்து கிடக்கும்போது அப்பா மட்டும் பச்சையாக இருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து முழங்கால் போட்டு, மகன் பாஸாக வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். அம்மா ஓடிப்போய், "இது பிளாஸ்டிக்கும்மா" என்றாள். அந்தப் பெண், "இருந்தா இன்னாம்மா?" என்று தொடர்ந்து ஜெபித்தாள். போகும்போது ஒரு புல்லைக் கிள்ளிப் பைபிளில் வைத்துக்கொண்டாள். மெழுகுவர்த்திச் சூட்டில் நாலைந்து புல் நுனி உருகிச் சுருண்டிருந்தது. அன்றோடு அம்மா சட்டம் போட்டாள்: புல்மேல் மெழுகுவர்த்தி கூடாது. காவல்காரரின் ஆடும் ஒருநாள் ஒரு வாய் கடித்துப் பார்த்து, மென்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துப்பியது. அந்த ஆட்டை நான் மதித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நவம்பர் வந்தது, கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தியும் சம்பங்கியும் போட்டு, கல்லறைக்குக் கல்லறை மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். அன்று மழை விட்டிருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, முழங்கை நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியோடு வந்து இறங்கினாள். அம்மா சிமெண்ட் விளிம்புக்கு வெளியே மண் நிரப்பி வைத்திருந்த தட்டைக் காட்டினாள்.

"இன்னா அண்ணி இது? ஊர்ல எல்லாரும் ஜெகஜோதியா கீறாங்க. எங்க அண்ணன் மட்டும் இருட்டுல கெடக்கணுமா?"

"உங்க அண்ணன் ஒண்ணும் இருட்டுல இல்ல. பச்சையா கீறாரு" என்றாள் அம்மா.

அதற்குள் பாதர் ஒவ்வொரு கல்லறையாக ஜெபித்து, மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். அப்பாமேலும் தாராளமாகவே தெளித்தார். நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டோம். அம்மா மட்டும், "பாதர், இதுல உப்பு போட்டிருக்கீங்களா?" என்றாள். பாதர் திகைத்துப்போய், முறைப்படி ஒரு சிட்டிகை போடுவது வழக்கம்தான் என்றார். அவர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்ததும் அம்மா காலிக் கேனை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்து நடந்தாள். தீர்த்தத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவப் போகிறாள் என்று புரிந்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

அந்த இடைவெளிதான் அத்தைக்குப் போதுமானதாக இருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சிலுவைக்குக் கீழே, சரியாகத் தலைமாட்டில், மெழுகை ஊற்றி மெழுகுவர்த்தியை நட்டுவிட்டாள். அது ஒரு நிமிடம் நன்றாகத்தான் நின்றது. அப்புறம் சாய்ந்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. நான் பாய்ந்து மெழுகுவர்த்தியைப் பிடுங்கி அணைத்தேன். உள்ளங்கையில் பாதி அளவுக்குப் புல் உருகி, வட்டமாக, வழவழவென்று ஒரு பொட்டல் தெரிந்தது.

"ஐயோ, அண்ணே!" என்றாள் அத்தை, அப்பாவிடமே.

இதை அம்மா பார்த்தால் என்ன ஆவாள் என்று நினைக்கவே முடியவில்லை. அழாமல் வைத்திருக்கிற எல்லாவற்றையும் அவள் அந்தப் புல்லின்மேல்தான் வைத்திருந்தாள். அம்மாவின் பையில் இருந்து சீப்பை எடுத்தேன். அத்தை நாக்கில் விரலை நனைத்து நனைத்துப் புல்லை ஈரமாக்கினாள். நான் பக்கத்துப் புல்லை இழுத்துப் பொட்டல்மேல் வாரினேன். கை தானாக இடமிருந்து வலமாகப் போனது. பாதி வாரும்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அத்தைக்கும் உறைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலையை முடித்தோம். சுமாராக மறைந்திருந்தது.

அம்மா கேனோடு வந்தாள். எங்கள் மூஞ்சியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். குனிந்து தலைமாட்டைப் பார்த்தாள். அந்த நேரத்தில் கடல் பக்கம் இருந்து ஒரு காற்று வந்தது. நாங்கள் படியவைத்த புல் மெல்ல எழுந்து, ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் பொட்டல் பளபளத்தது.

அம்மாவின் கை சட்டென்று அதை மூடப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். அப்புறம் சத்தம் வந்தது. சிரித்தாள். கேனைக் கீழே போட்டுவிட்டு, யாரையும் விரல் வைக்கவிடாத அந்தப் புல்லின்மேலேயே பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்து, எங்கே சிரிப்பு முடிந்து எங்கே அழுகை ஆரம்பித்தது என்று சொல்ல முடியாதபடி அழுதாள்.

"காலம் பூரா மறைச்சிகினு கெடந்தியே" என்று அந்த வட்டத்தைத் தட்டிக்கொடுத்தாள். "இப்ப ஊரே பாக்குது பாரு. சொட்ட... என் சொட்ட."

அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் புல்லை மறுபடி வாரிவிடச் சீப்பை நீட்டினேன்.

"வுடு, காத்தாடட்டும்" என்றாள் அம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து எழுந்தாள். "பசிக்குதுடி."

கேன் தண்ணீர் முழுக்க அப்பா தலைமாட்டில் கொட்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், காலடிப்பேட்டைக்கு ஆட்டோ பேசினேன்.