அழிந்துபோன சாவி

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு ஒரே மெயில் முகவரிதான். காலண்டர் ஆர்டர் முதல் என் சொந்த விஷயம் வரை எல்லாம் அதில்தான் வரும். வேலை பார்க்கிற எல்லாரும் திறந்து பார்ப்பார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு மார்பில் கட்டி என்று டாக்டர் பரிசோதனைக்கு எழுதினார். "மாப்பிள்ளை பாக்குற நேரத்துல ஊரே படிக்கணுமாப்பா?" என்றவள், ஊருக்கு வந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டரின் பிரவுசரில் மெயிலைப் பூட்டிவைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டுப் போனாள். இனி அவள் மெயில் குழம்பிய எழுத்துகளாகத்தான் வரும். அந்த பிரவுசருக்குள் இருக்கும் சாவியை என் பாஸ்வேர்டால் திறந்தால்தான் படிக்க முடியும்.

ரிசல்ட்டை அவள் மெயிலில் அனுப்பிய அன்று பாஸ்வேர்டே கேட்கவில்லை. திரை முழுக்கக் கிறுக்கல்.

"பிரவுசர் இழுத்துக்கிட்டே கெடந்துச்சு அண்ணாச்சி. பூராத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுட்டேன்," என்றார் டிசைனர்.

சாவியும் அதோடு போய்விட்டது. ஊர் படிக்காமலிருக்கச் செய்த ஏற்பாட்டில் நானும் படிக்க முடியவில்லை. ஆத்திரத்தோடு மகளை போனில் கூப்பிட்டேன். காலண்டர் சீசன் என்பதால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது கேட்கவில்லை. வெளியே போகக்கூடத் தோன்றாமல், "சத்தமாச் சொல்லும்மா! கேன்சரா, இல்லையா?" என்று கத்தினேன்.

யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

"இல்லப்பா. சாதாரணக் கட்டிதான்."

மெஷின்மேன் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து, "நம்ம பாப்பாவுக்கா அண்ணாச்சி? எம்புட்டு நாளா?" என்றார்.

போனை நான் இன்னும் வைக்கவில்லை. அவளும் அதைக் கேட்டாள்.