பதினொரு பக்க மல்லுக்கட்டும் என் அரைப்பக்க விதியும்

சிமெண்டுத் தரையில் பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டினால் முதலில் கணீரென்று ஒரு சத்தம் வரும், பிறகு கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அடங்கும். மற்றவர்களுக்கு அது மத்தியான வேளையில் பெண்கள் கூடித் தாயம் ஆடும் சத்தம். எனக்கோ, ஈட்டியோடு நின்ற ஒரு கோட்டைக் காவலனை வெறுங்கையால் மடக்கிப் பிடித்த சத்தம். அப்போது நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை. தினமும் காலையில் தொலைக்காட்சியில் எங்கள் மாவட்டத்தின் பெயர் ஓடுகிறதா என்று பார்ப்போம், ஓடினால் "லீவு". அப்பா சம்பா நடவு முழுகிக் கிடக்கிறதே என்று மண்வெட்டியோடு வடிகாலுக்கு ஓடுவார், நான் அதே மழையில் குடையோடு அடுத்த தெருவிலிருந்த யூசுப் வீட்டுக்கு ஓடுவேன். ஒரே மழை ஒரே வீட்டில் இரண்டு பேரை இப்படி இரண்டு மாதிரி ஓடவைத்ததை நினைத்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

யூசுப் என் வகுப்புப் பையன். கூத்தாநல்லூரில் பாதி வீடுகளைப் போல அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பாவும் வெளிநாட்டில், மலேசியாவில் இருந்தார். அந்த முறை அவர் அனுப்பிய சாமான்களில் சோப்பு, பிஸ்கட்டுகளுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் மதில் ஏறுகிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும், செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். யூசுப் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகம் முழுவதையும் படித்துக் கதை நடத்துபவன் ஆனான். வாள்வீரன் வேடம் எங்கள் எதிர்வீட்டுக் குமரனுக்கு. நான் செம்பருத்தி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு படகுக்காரி ஆனேன்.

பெட்டியில் நாலே நாலு பாத்திரத் தாள்கள்தான் இருந்தன. அதில் ஒன்றில் யூசுப்பின் தங்கை டீயைக் கொட்டிவிட்டாள், இன்னொன்றை யூசுப் எதிரிகளுக்கென்று தன்னிடம் வைத்துக்கொண்டான். ஆகவே "செத்தவங்க எந்திரிச்சுப் போயிடணும்" என்பது எங்கள் சட்டம். எங்கள் இருவர் தாளில் ஒன்றுக்காகக் குமரனின் சித்தப்பா மகன் தினமும் வாசல் பக்கம் வந்து, "யாராச்சும் செத்தாச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவான். எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். அந்தப் பாயில் எனக்கென்று இருந்த இடம், அந்த வயதில் எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே இடம் என்று சொல்லலாம். வீட்டில் எல்லாமே அக்காவுடையதாக இருந்து பிறகு எனக்கு வந்தவை.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. கதையில் ஆற்றைக் கடக்கும்போது எங்கள் படகு கவிழ்ந்தது. என் கத்தியும் துடுப்பும் ஆற்றோடு போயின, குமரனைக் கோட்டை வீரர்கள் பிடித்துக் கொட்டடியில் போட்டுவிட்டார்கள். கொட்டடிச் சாவி வாசல் காவலனின் இடுப்பில். அவன் கையில் ஈட்டி, என் கையில் ஒன்றுமில்லை. புத்தகப்படி, ஆயுதமில்லாதவள் ஈட்டிக்கு முன்னால் ஒரே குத்தில் காலி. தப்ப வேண்டுமானால் ஒரே வழி, மல்லுக்கட்டு.

அந்த மல்லுக்கட்டுக்குத்தான் புத்தகத்தில் பதினொரு பக்கம். கிட்டே போக ஓர் எறி, பிடிக்க ஓர் எறி, பிடி நிற்க ஓர் எறி. கையைப் பிடித்தால் ஓர் அட்டவணை, கழுத்தைப் பிடித்தால் வேறோர் அட்டவணை. அடிக்குறிப்பில், நிற்பவர் குனிந்தால் கழிக்க வேண்டிய எண். அதற்கு முன் நாங்கள் நாலைந்து முறை மல்லுக்கட்டிப் பார்த்திருந்தோம். ஒருவராவது ஒருவரையும் பிடித்ததில்லை. அந்தக் கதை உலகத்தில் எல்லோரும் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிறார்கள் என்று குமரன் ஒரு விளக்கம் சொன்னான், நாங்களும் நம்பினோம்.

அன்று யூசுப், "நாளைக்கு நீ காவலன்கிட்ட போறே, யோசிச்சுக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினான். குமரனின் சித்தப்பா மகன் மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா கன்றுக்குட்டியின் கால் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவ வேண்டுமென்று என்னைப் பிடிக்கச் சொன்னாள். கழுத்தையும் முன்னங்காலையும் சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை. கன்றாலும் அசைய முடியவில்லை, என்னாலும் அசைய முடியவில்லை. புத்தகத்திலோ பிடித்தவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தலாம், வெட்டலாம், கதவைக்கூடத் திறக்கலாம். இதை எழுதியவர் ஒரு கன்றையாவது பிடித்துப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் பெரிய விஷயம் பிடிபட்டது. மல்லுக்கட்டுக்கென்று பெட்டியில் இருபது முகமுள்ள ஒரு பகடை தனியாக இருந்தது. சின்னவள் விழுங்கிவிடுவாளோ என்று யூசுப்பின் அம்மா அதை எடுத்து ஒளித்து வைத்து, ஒளித்த இடத்தையும் மறந்துபோனார். அதற்குப் பதிலாகத்தான் எங்கள் வீட்டுத் தாயக்கட்டையை நான் கொண்டுபோயிருந்தேன். எண்களை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. பத்தும் அதற்கு மேலும் விழுந்தால்தான் பிடி. தாயக்கட்டையில் ஒன்று முதல் ஆறு வரை விழும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஏழு முதல் பதினொன்று வரை என்ன உருட்டினாலும் விழாது, ஆகவே மூன்று எறியிலும் தொடர்ந்து பன்னிரண்டே விழுந்தால்தான் பிடி. இது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பேரும் இரண்டு வாரமாகப் பத்துக்காக உருட்டியிருக்கிறோம்.

கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து அரைப்பக்கத்தில் எழுதினேன். இருவரும் எறிய வேண்டும், கூடுதல் விழுந்தவர் பிடித்தவர், சமமாக விழுந்தால் ஏற்கெனவே பிடித்திருப்பவர் பக்கம். பிடித்தவரும் சரி, பிடிபட்டவரும் சரி, ஆயுதத்தைத் தொடக் கூடாது, ஏனென்றால் இருவருக்குமே கை இல்லை. ஒருவருக்கே தொடர்ந்து மூன்று முறை கூடுதல் விழுந்தால் மற்றவர் பணிய வேண்டும். பிடிபட்டவருக்குத் தாயம் விழுந்தால், எதிராளிக்கு எது விழுந்திருந்தாலும் அவர் நழுவிவிடுவார். அவ்வளவுதான். எழுதி முடித்தபோது எனக்கே சந்தேகம், இன்னும் ஏதோ விட்டுப்போயிற்றோ என்று. அம்மா எட்டிப் பார்த்து, "பரீட்சைக்குக்கூட இப்படி உக்காந்து எழுதி நான் பாத்ததில்ல" என்றாள்.

மறுநாள் யூசுப் அந்தத் தாளைக் கையால்கூடத் தொடவில்லை.

"அச்சுல இருக்கறத நாம மாத்தக் கூடாது கவிதா."

"சரி, மாத்த வேண்டாம். தாயக்கட்டையில பத்து எப்ப விழும், அத மட்டும் சொல்லு."

அவன் விரல்விட்டு எண்ணினான். குமரன் அவனுக்கு முன்னால் புரிந்துகொண்டு, "அப்ப எண்ணெய் எல்லாம் பூசலயா?" என்றான் ஏமாற்றத்தோடு. யூசுப்புக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவன் பிடிவாதக்காரன். முதலில் புத்தகப்படி ஆடிப் பார்ப்போம், பத்து என்பதை மட்டும் நாலாகக் குறைத்துக்கொள்வோம், சண்டை முடிந்தால் புத்தகம், முடியாவிட்டால் உன் தாள் என்றான். ஒத்திகைதான், இதில் யாரும் சாக மாட்டார்கள்.

பள்ளிவாசலில் மத்தியானத்து லுஹர் பாங்கு சொன்னபோது தொடங்கினோம். கையா கழுத்தா, நிற்கிறாளா குனிகிறாளா என்று அட்டவணைக்கு அட்டவணை தாவி, கூட்டிக் கழித்து, கழித்ததை மறந்து மறுபடி கூட்டி, மூன்று மணி நேரம் கழித்து அஸர் பாங்கு கேட்டபோது செம்பருத்தி காவலனின் இடது முழங்கையை மட்டும் பிடித்திருந்தாள். குமரன் தூங்கிப்போயிருந்தான்.

பிறகு என் தாள். இந்த முறையும் ஒத்திகைதான். யூசுப்பின் அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் காவலன் செம்பருத்தியை மடக்கிப் போட்டுவிட்டான், நான் தோற்றேன். ஆனால் சுவரோரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த யூசுப்பின் அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு, "அய்யோ, விட்டுட்டியேம்மா. இன்னொரு தடவ எறி" என்றார். இரண்டு வாரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக என்ன நடக்கிறது என்று புரிந்து சொன்ன வார்த்தை அது. யூசுப் அம்மாவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "சரி, நிஜ ஆட்டம்" என்றான்.

குமரனின் சித்தப்பா மகன் சொன்னபடியே சலவைச் சட்டையில் வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

காவலனுக்காக யூசுப் எறிந்தான், ஐந்து. எனக்கு மூன்று. பிடித்துவிட்டான். மறுபடி அவனுக்கு நாலு, எனக்கு இரண்டு. நான் எழுதிய விதி என் கழுத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. இன்னொரு எறி கூடுதல் விழுந்தால் செம்பருத்தி பணிய வேண்டும், பணிந்தவளை ஈட்டி விடாது, நான் எழுந்து போக வேண்டும். யூசுப் எறிந்ததும் ஆறு விழுந்தது. பின்னாலிருந்தவன் என் தாளுக்குக் கை நீட்டிவிட்டான். நான் கட்டையை எடுத்து உள்ளங்கையில் சூடேறும் வரை உருட்டினேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது, அதை மறைக்க வேண்டுமென்றே பலமாக எறிந்தேன்.

ஒரு கட்டை வெறுமை, மற்றதில் ஒரே ஒரு புள்ளி. தாயம்.

குமரன் கொட்டடியிலிருந்தபடியே எழுந்து குதித்தான். செம்பருத்தி நழுவிக் காவலனுக்குப் பின்னால் போனாள். இப்போது நான் பிடித்தேன், நாலுக்கு மூன்று. அடுத்து ஐந்துக்கு இரண்டு. மூன்றாவது எறியில் காவலனுக்கு நாலு விழுந்து, என்னுடைய ஒரு கட்டை மூன்றில் நின்று, மற்றது பாயின் ஓரத்தில் இடித்துத் திரும்பி இரண்டில் படுத்தது. ஐந்து. காவலன் பணிந்தான். சாவி என் கையில். எனக்கு மழைச் சத்தமே கேட்கவில்லை. அந்தப் பாயின் மேல் நான் அன்று எவ்வளவு பெரியவளாக உட்கார்ந்திருந்தேன் என்பதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பட்டமும் எந்த வேலையும் அந்த அளவுக்கு என்னை உயர்த்தவில்லை.

யூசுப் எழுந்து உள்ளே போனான். அத்தா முன்பு வைத்திருந்த ஜவுளிக்கடையின் ரப்பர் முத்திரையை எடுத்து வந்து, என் அரைப்பக்கத்தின் அடியில் அழுத்திக் குத்தினான். "இப்ப இதுவும் அச்சுதான்" என்றான். பிறகு புத்தகத்தின் ஊசிகளை நெம்பி, அந்தப் பதினொரு பக்கங்களையும் எடுத்துக் குமரனிடம் கொடுத்தான். அவற்றைக் கிழித்து மடித்ததில் அன்று வாசல் வாய்க்காலில் பதினொரு கப்பல்கள் போயின. குமரனின் சித்தப்பா மகனுக்கும் ஒரு கப்பல் கொடுத்தோம், மறுநாள் யூசுப் வைத்திருந்த தாளையும் அவனுக்கே கொடுத்துவிட்டோம்.

இப்போது அந்த வாய்க்காலை மூடித் தெருவாக்கிவிட்டார்கள். பெட்டியைக் கரையான் தின்றது, என் அரைப்பக்கமும் அதோடு போயிற்று. யூசுப்பின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவன் அம்மாவும் அவனோடு மலேசியாவில் இருக்கிறார், குமரன் திருத்துறைப்பூண்டியில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான், நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் யூசுப் அழைத்தான். தன் மகள்களுக்காக அதே ஆட்டத்தின் புதிய பதிப்பை வாங்கியிருக்கிறானாம்.

"மல்லுக்கட்டு எத்தன பக்கம் சொல்லு."

"எத்தன?"

"அரைப்பக்கம். ரெண்டு பேரும் எறியணும், கூடுதல் விழுந்தா பிடி. அப்படியே ஒன்னோடது."

நான் தனியாக இருந்தும் கைதட்டிவிட்டேன். பிறகு முழுவதையும் படிக்கச் சொன்னேன். அவன் தமிழாக்கிப் படித்துக்கொண்டே வந்தான், கடைசி வரியில் பிடித்தவர் மறு கையால் ஆயுதம் வீசலாம் என்று இருந்தது.

"யூசுப், அது தப்பு" என்றேன். "பிடிச்சவளுக்கு ஏது இன்னொரு கை?"

பளபளக்கும் கெட்டி அட்டைப் புத்தகம், விலையும் அதிகம், அவனோ அச்சுக்குப் பயந்தவன். "பாப்பா, அந்தப் பேனாவ எடு" என்று மகளிடம் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "எந்த எடத்துல அடிக்கணும், சொல்லு" என்றான்.