ஒரு பாட்டின் நீளம்

லூயிஷாமில் பழைய சாமான் கடையொன்றில் கசெட் ரேடியோவின் மூடியைத் திறந்தேன். தூசும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் வந்ததும் கை தானாக அதை மூடிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியிருந்த தோர்ண்டன் ஹீத் பிளாட்டில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் ரேடியோவின் ஏரியலைப் பிடித்தபடி ஜன்னலோரம் நிற்பேன். ஏதோ அடுக்குமாடிக் கூரையிலிருந்து களவாக ஒலிபரப்பான ஒரு நியூ வேவ் பாட்டு நிலையம், குளிர்ந்த கிட்டார்களும் நித்திரை கலையாத குரல்களுமாக இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கி எழும்பும்; எந்த நிமிடமும் பிடித்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடேயே கேட்பேன்.

ஒருநாள் எனக்குப் பிடித்த பாட்டு வந்தது. வெற்றுக் கசெட் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாமா, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியதும், அம்மா ஒருமுறை கேட்டு அழுதுவிட்டு அலமாரியில் வைத்ததுமான கசெட்தான் கைக்கு எட்டியது. அவர் பேசி முடித்த இடம் என்று நினைத்து ரெக்கோர்ட் பட்டனை அமுக்கினேன். பிறகு போட்டுக் கேட்டபோதுதான், பாட்டுக்குப் பின்னாலும் அவர் குரல் இருப்பது தெரிந்தது; நடுவில் அவர் பேசியதை அழித்துவிட்டிருந்தேன். அன்றிலிருந்து அம்மா அலமாரியைத் திறந்தாலே நான் அறையைவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

மாமாவைப் பற்றிய தகவல் நின்றுபோன மாதம், அம்மா அதை எடுத்துப் போட்டார். மாமாவின் குரல், ஒரு 'டக்', பிறகு முழுப் பாட்டு. அது முடிந்ததும் மாமா, "அப்ப சரி அக்கா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றார்.

அம்மா ஏசவில்லை. "பிள்ளை, இதுக்கு முன்னம் அவன் என்ன சொன்னவன்? உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அந்தப் பாட்டுத்தான், இன்றும் ஒரு வரி விடாமல், ஞாபகம் இருக்கிறது.