முள் காவடிக்காரனும் மெல்லிய ஊசியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயில் திருவிழாவில் மூன்று வருடம் முள் காவடி எடுத்தவன் நான். முதுகில் பன்னிரண்டு கொக்கிகளைக் குத்தி, அவற்றில் கட்டிய கயிறுகளை ஒருவர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து கோயில் வரை ஆடிக்கொண்டே வர வேண்டும். குத்தும்போது நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதற்குக் கிடைக்கும் மரியாதையைவிட அந்தப் பேச்சுக்குக் கிடைக்கும் மரியாதை அதிகம்.

அப்படிப்பட்ட ஆள், ஹட்டன் டவுனில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில், தையல் ஊசியின் பாதிப் பருமன்கூட இல்லாத ஓர் ஊசியைப் பார்த்துவிட்டு, "மிஸ், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, எழுதிவிடுகிறேன்.

காவடிக்குக் காரணம் என் மகள். கல்யாணமாகி ஒன்பது வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு பிள்ளை பிறந்தால் மூன்று வருடம் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். பிறந்தாள். அன்றிலிருந்து அவள் தரையில் இருந்த நேரத்தைவிட என் தோளில் இருந்த நேரம்தான் அதிகம். இந்தப் பிள்ளைக்குக் கால் எதற்கு என்று என் மனைவியே கேலி செய்வாள்.

மூன்றாவது காவடியும் முடிந்த மாதத்தில் வலது தோளுக்குப் பின்னால் வலி பிடித்தது. தைலம் தேய்த்தேன், பிளாஸ்டர் ஒட்டினேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நோர்வூட்டில் ஒரு சிங்கள வைத்தியர் கொடுத்த பச்சை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், முன் வரிசைப் பிள்ளைகள் மெல்லப் பின் வரிசைக்கு நகர்ந்தார்கள். கையைத் தோளுக்கு மேலே உயர்த்த முடியாததால் கரும்பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதினேன். இத்தனைக்கும் நடுவில் சாயந்தரமானால் வொலிபோல் விளையாடப் போவதை மட்டும் விடவில்லை. கொஞ்ச நாள் சும்மா இருங்கள் என்று சொன்னவள் மனைவி ஒருத்திதான், மனைவி சொல்வதை வைத்தியம் என்று எந்த ஆண்பிள்ளை எடுத்துக்கொள்கிறான்?

பலகையில் பாதி போனதைத் தாங்கிக்கொண்டேன். மகளைத் தூக்க முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் ஓடி வந்து இரண்டு கைகளையும் நீட்டுவாள். ஒரு நாள் வீம்புக்குத் தூக்கப் போய், வலியில் கத்தி, அவளைப் பாதியிலேயே கீழே விட்டேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளும் பயந்து அழுதாள்.

என் மனைவி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் இருபது பிள்ளைகளை ஒரே குரலில் உட்காரவைத்து, அதே குரலில் தூங்கவைப்பாள். அன்று அந்தக் குரலில் மகளிடம் சொன்னாள்: "அப்பாவுக்குத் தோள்ல நோவு. இனிமே தூக்கச் சொல்லக் கூடாது. சரியா?" மகள் தலையாட்டினாள். அந்தக் குரலுக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

வலியை வெளியே சொல்லவும் வழியில்லை. காவடி எடுத்தவனுக்கு முதுகில் வலி என்றால் விரதத்தில் குறை என்று ஊர் முடிவு கட்டிவிடும். குறை இருந்தது என்பதுதான் என் சங்கடம். மூன்றாவது காவடிக்கான விரதத்தின் ஏழாம் நாள் தலவாக்கலையில் ஆசிரியர் கூட்டம். முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மரக்கறி பனிஸ் என்று நினைத்து ஒன்றை வாங்கினேன். இரண்டாவது கடியில்தான் அது மாலு பாண், உள்ளே இருப்பது மீன் என்று தெரிந்தது. மூன்றாவது கடி எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

எட்டாவது மாதம் மனைவி பொறுமை இழந்தாள். மடுவத்துக்கு வரும் நர்ஸம்மாவிடம் விசாரித்து, ஹட்டனில் நாள் குறித்து, என்னை பஸ் ஏற்றிவிட்டாள். நிலையத்தில் இருந்தவர் ஓர் இளம் சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசினார். விரலால் தோளைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினார். நான் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டேன்.

"தசை இந்த இடத்துல முடிச்சு மாதிரி இறுகிப் போயிருக்கு சேர். ட்ரை நீட்லிங் செய்வோம்."

"ஊசி மருந்தா மிஸ்?"

"மருந்து இல்ல, வெறும் ஊசிதான். முடிச்சுக்குள்ள போனதும் தசை ஒரு துடி துடிக்கும். பிறகு தளரும்."

ஊசியை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் பாத்ரூம் விசாரித்தேன். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்ததும் அவர் கை நின்றது. "சேர், முதுகுல இது என்ன?" என்றார். தழும்புகளின் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து, கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பன்னெண்டு கொக்கி குத்தினவருக்கு இந்த ஊசிக்குப் பயமா?"

"அங்க மேளம் அடிப்பாங்க மிஸ். சுத்தி நின்னு அரோகரா போடுவாங்க. இங்க அந்தச் சுவர் மணிக்கூட்டுச் சத்தம் மட்டுந்தான் கேக்குது."

"அவ்வளவுதானா?" என்றவர், கதிர்காமத்தில் சிங்களவர்கள் முழங்குவதுபோலவே "ஹரோ ஹரா!" என்று ஒரு குரல் கொடுத்தார். நான் சிரித்த சிரிப்பில் ஊசி இறங்கியதே தெரியவில்லை. அடுத்த நொடி தசை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தானாகத் துள்ளியது. ஐயோ அம்மா என்று நான் போட்ட சத்தம் பஸ் நிலையம் வரை போயிருக்கும்.

அந்த நிலையில் மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான். "எப்ப இருந்து நோவு?" என்று அவர் கேட்டதற்கு விரதம், தலவாக்கலை, மாலு பாண், மூன்றாவது கடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாலு பாண் வயித்துக்குத்தான் போகும் சேர், தோளுக்கு வராது. அந்த மாசம் வேற என்ன செஞ்சீங்க?"

யோசித்தேன். "வொலிபோல் போட்டி வந்துச்சு. தினமும் ரெண்டு மணித்தியாலம் சர்வீஸ் அடிச்சுப் பழகினேன்."

"வயசு?"

"நாப்பத்தி மூணு."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். எனக்குக் கட்டிலில் முகம் புதைந்தபடியே கண் கலங்கிவிட்டது. எட்டு மாதமாக மகளுக்கு ஒரு சளி பிடித்தாலும், முருகன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வானோ என்று அந்த மூன்றாவது கடியை நினைத்து நடுங்கியிருக்கிறேன். "ரொம்ப நோகுதா சேர்?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

ஊசியால் மட்டுமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நாள் யாரோ குத்துவிட்ட மாதிரி அந்த இடம் கடுத்தது. வொலிபோலை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கதவுப் பிடியில் ரப்பர் பட்டியைக் கட்டி இழுக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தேன். ஐந்தாவது தடவை போனபோது கை தலைக்கு மேலே போனது. "இனி மகளைத் தூக்கலாம் சேர். ரெண்டு தோள்லயும் மாத்தி மாத்தித் தூக்குங்க" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே மடுவத்துக்கு நடந்தேன். வேலை விட்ட தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசலில் நின்றார்கள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நான் குனிந்து இரண்டு கைகளையும் விரித்தேன்.

அவள் வரவில்லை. பக்கத்தில் வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "வாங்கப்பா, நடப்போம்" என்றாள்.

"நோவு போயிருச்சும்மா. இப்ப அப்பா தூக்குவேன்."

"தூக்கச் சொல்லக் கூடாது" என்றாள். அப்படியே அவள் அம்மாவின் குரல்.

இத்தனை மாதத்தில் என் பிள்ளை கேட்காமல் இருக்கப் பழகிவிட்டாள். அவள் சமர்த்து என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம். அத்தனை பேர் பார்க்க, வாசலில் மண்டியிட்டேன்.

"நீ சொல்லலம்மா. நாந்தானே கேக்குறேன். ஒரே ஒரு தடவ."

அவள் என் தோளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "அழ மாட்டீங்களே?" என்றாள்.

"மாட்டேன்."

மெதுவாகக் கைகளை உயர்த்தினாள். தூக்கினேன். தோளில் வலியே இல்லை. சொன்ன சொல்லைத்தான் காப்பாற்ற முடியவில்லை.