இடைவெளியை அடைக்காதவர்

கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவித்தலில் அந்தப் பெயர் கேட்டது. ரபீக் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர். யாரோ என்றுதான் நினைத்தேன். அடுத்து 'பல்கலைக்கழக விரிவுரையாளர்' என்று வந்தது. காசைக் கொடுத்துவிட்டு மீனை எடுக்காமலே பாண்டிருப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் அவரைப் பொறுமைசாலி என்றீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ரபீக் சேரா பொறுமைசாலி? கதிரையில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டார். கூட்டத்தின் நடுவில் எழுந்து யன்னலோரம் போவார். நடந்துகொண்டே தேநீர் குடித்து, கோப்பையை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவார். அவரோடு சேர்ந்து கற்பித்தவள் நான். புள்ளிவிவரவியல் என்னுடையது, உயிர்த்தகவலியல் அவருடையது.

மரபணுக்களை நான்கே எழுத்துகளாலான நீண்ட வரிகளாக எழுதி, கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடும் துறை அது. சுனாமிக்குப் பிறகு உப்பேறிய வயலிலும் கதிர் விட்ட நம்மூர் நெல்லை அவர் ஆராய்ந்தார். மற்ற நெல்லிலிருந்து அது எந்த எழுத்தில் மாறுகிறது என்று ஓயாமல் தேடினார். நெல்லைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகக் கதைப்பார். கடலைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். சுனாமி கொண்டுபோன மனைவியின் உடல் கிடைத்து அடக்கம் செய்தார்கள். ஆறு வயது மகள் கிடைக்கவேயில்லை.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி இரண்டு வரிகளையும் இடைவெளியே விடாமல் நெருக்கி வைத்துவிட்டாள். பாதிக்கு மேல் எதுவும் பொருந்தவில்லை. சேர் வெண்கட்டியால் மேசையில் தட்டினார்.

"புள்ள, தொழக்குள்ள சஃப்பு வரிசையில இடைவெளி விடக்கூடா, தோளோட தோள் முட்டோணும். இங்க அப்பிடியில்ல. ஒரு எழுத்து இல்லாமப் போயிருந்தா அந்த இடத்த வெறுமையா உடு. மத்தத இழுத்து அடைச்சியெண்டா பின்னால உள்ளதெல்லாம் பிழைச்சிரும்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

போர் முடிந்தபோது என் தம்பி வன்னியில் இருந்தான். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனைக் கண்டதாக யார் சொன்னாலும் அம்மா பஸ் ஏறிவிடுவார். நெஞ்சு நோயோடு அப்படி அலைந்து, ஒருமுறை வவுனியாவில் மயங்கி விழுந்தார். இறந்தவனாக எண்ணி அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிப்போம் என்ற உறவினரின் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. எனக்கு அம்மாவையாவது காப்பாற்ற வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த, படித்த ஒருவர் தேடலை விடச் சொன்னால் கேட்பார் என்று நம்பி சேரை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

வந்தவர் கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார். பிறகு அம்மாவின் முன்னால் நின்று, "எனக்கும் ஒரு மகள் இரிக்கா, அம்மா" என்றார்.

"எங்க இருக்கா?"

"தெரியா. எங்கட ஆக்கள் காயிப் ஜனாஸா தொழச் சொன்னாங்க. உடல் இல்லாமலே செத்தவங்களுக்காகத் தொழுற தொழுகை. நான் ஓம் எண்டு சொல்லல்ல."

அம்மா கேட்டார்: "பிள்ளைக்கு என்ன பேர்?"

"சுமையா."

வாசலில் வைத்து நான் அவரோடு சண்டை பிடித்தேன். "இதுக்கா சேர் உங்களக் கூட்டி வந்தனான்? இனி அவ அடங்குவாவா?"

"கோவிக்காதீங்க மிஸ். எனக்கே ஏலாதத நான் எப்பிடி அவவுக்குச் சொல்லுற?"

அந்தப் பல்கலைக்கழகத் தவணை முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் அம்மா அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து சேர் வருவார். அம்மா தம்பியைப் பற்றிச் சொல்வார், அவர் சுமையாவைப் பற்றிச் சொல்வார். அந்த நேரம் மட்டும் சேர் கதிரையில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். என் கோபம் எப்போது தணிந்தது என்று எனக்கே தெரியாது.

அன்று சந்தையிலிருந்து வந்து செய்தியைச் சொன்னேன். அம்மா அழவில்லை. கேட்டது இதுதான்:

"இனிச் சுமையா வந்தா ஆரத் தேடிப் போவா? எங்கட வீட்டச் சொல்லி வை, மகள்."

அவருடைய பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். பள்ளிவாசலிலும் சொன்னேன். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. சேரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய காத்திருப்புத்தான். தம்பியோடு சேர்த்து இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறோம்.

அவரை அறிந்த உங்களிடமும் சொல்கிறேன். இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள். வாப்பாவை விசாரித்துக்கொண்டு சுமையா என்று யாராவது வந்தால், பாண்டிருப்புக்கு அனுப்பிவிடுங்கள்.